டிங்கிள் பாதை

அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கும் டிங்கிள் தீபகற்பத்தை, டிராலி நகரில் புறப்பட்டு மீண்டும் டிராலிக்கே வந்துசேரும்படி 160 கிலோமீட்டருக்குக் குறையாமல் வலம் வருகின்ற நடைபாதையிலே, என் மனத்தை முதலில் கவர்வது சமுத்திரமன்று, கற்சுவர்களே. சாந்தின் வாசனையே அறியாமல், கல்லைக் கல்லின் பாரமே பிடித்து நிறுத்தும்படி அடுக்கிய அச்சுவர்களைக் கட்டிய அதே வித்தையால், ஸ்லே ஹெட் முனையருகே, ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்நோக்கித் தள்ளிக் கூம்பாக முடித்த புராதனக் குடில்களும் நிற்கின்றன. எதிரே பெரிய பிளாஸ்கெட் தீவு. 1953-இல் அதன் கடைசிக் குடிகள் கரையேறிவிட்டனர். மழை அடிக்கடி வரும். அதைக் குறைசொல்வோர் வேறு தேசம் போகலாம். வடபுறத்தில் பிராண்டன் மலையின் தோளைக் கடக்கும்போதோ, காலடியில் கல்லைவிடச் சேறே அதிகம். கெட்டியான பூட்ஸ் அவசியம்.