விதியின் கையா? மக்களின் கையா?

2000-இல் மறைந்த சி. சுப்பிரமணியம், ஆங்கிலத்தில் எழுதிய தம் வாழ்க்கை நினைவுகளுக்கு ‘விதியின் கை’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். சென்னை மாநிலத்தில் கல்விக்கும் நிதிக்கும் அமைச்சர். தில்லியில் எஃகு, உணவு, நிதி, பாதுகாப்புத் துறைகளை ஆண்டவர். 1990 முதல் 1993 வரை மகாராட்டிர ஆளுநர். அப்பதவியின் வழியே அம்மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேந்தர். அறிவுத் துறையின் அரியணையில் அமர்ந்தவர், தம் வாழ்வின் கணக்கை விதியின் பெயரில் எழுதலாமா? அவர் வாழ்வையே சான்றாக வைத்துக் கேட்கிறோம்.

1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த குலக்கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றது. அந்த அமைச்சரவையில் சுப்பிரமணியமும் இருந்தார். பெரியார் போர்முரசு கொட்டினார், தி.மு. கழகத் தோழர்கள் மறியல் செய்து சிறை புகுந்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-இல் ஆச்சாரியார் விலகினார். காமராசரை எதிர்த்துத் தலைமைப் போட்டியில் தோற்ற சுப்பிரமணியம், அந்தக் காமராசரின் அமைச்சரவையிலேயே இடம்பெற்று, மே 18 அன்று திட்டம் கைவிடப்பட்டதென அறிவித்தார். உடனிருந்து ஏற்ற திட்டத்தை அவர் வாயாலேயே புதைக்க வைத்தது விதியா, வீதிக்கு வந்த மக்களா?

1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் அவர். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் 1965 சனவரி 26-இல் கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்து, மாணவர் எழுச்சி நாடெங்கும் பரவிய பின்னரே, பிப்ரவரியில் அவரும் ஓ.வி. அழகேசனும் ஒன்றிய அமைச்சர் பதவியிலிருந்து விலக முன்வந்தனர். சாஸ்திரி உறுதிமொழி தந்தார். விலகல் கடிதங்கள் திரும்பின. 1967-இல் கோபிசெட்டிபாளையத்து வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர். எல்லாம் மக்களின் கை!

அவர் பெருமையையும் மறைக்க மாட்டோம். 1965–66 வறட்சியில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தது. உணவு அமைச்சரான அவர், எதிர்ப்புக்கு அஞ்சாமல், 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். போர்லாக், எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாரின் ஆய்வும் உழவரின் உழைப்பும் சேர்ந்தன. 1968-இல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத அளவை எட்டியது. பசி தலைவிதி என்று அவர் அன்று எண்ணியிருந்தால், விதை கப்பலேறியிருக்குமா? அவருடைய தலைசிறந்த செயலையே அவர் சூட்டிய தலைப்புச் சிறுமைப்படுத்துகிறது.

தலைப்புத்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானித்தது. அதே ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும், ஆலைத் தொழிலாளியின் மகன் தேர்வில் தவறினால் ‘என் தலையெழுத்து’ என்கிறான். வகுப்பறையில் நாம் அன்றாடம் எதிர்த்துப் போராடும் சொல் அது. வேந்தராக இருந்தவரே அதற்கு முத்திரை குத்தித் தந்தால், ஆசிரியர் எதைச் சொல்லித் தேற்றுவது?

தோழர்களே, அந்த நூலைப் படியுங்கள். செயல்களை ஏற்க வேண்டிய இடத்தில் ஏற்று, எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்த்துப் படியுங்கள். அட்டையில் உள்ள பெயரை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள்!