தேவர் துணையும் திருவருளும்

உயிர்கள் வேண்டியதனை வேண்டியவாறே கொடுத்தல்தான் அருளோ, அன்றி அவற்றுக்கு ஆவதறிந்து கொடுத்தலும் மறுத்தலும் ஆகிய இரண்டுமே அருளோ என்னும் வினா மெய்கண்ட நூல்களைப் பயில்வார்க்குப் புதியதன்று. சிறார் மகிழ அமெரிக்க நாட்டில் எடுக்கப்பெற்ற நகைச்சுவைத் திரைப்படம் ஒன்று இவ்வினாவைத் தானறியாமலே எழுப்பி, ஓரிடத்தில் நல்விடையும் தருகின்றது. அது 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த 'ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்டு' என்பது. வில்லியம் டியர் என்பார் இயக்கியது. 1951-இல் கிளாரன்ஸ் பிரௌன் இயக்கிய அப்பெயர்ப் பழம்படத்தின் வழிவந்தது. ஏஞ்சல் என்பது கிறித்துவ சமயத்தார் தேவதூதர்க்கு வழங்கும் பெயர். கதையில் வரும் பேஸ்பால் பந்தாட்டக் குழுவின் பெயரும் அதுவே.

கதைப்பொருள் வருமாறு: ரோஜர் என்பான் தாயை இழந்து, தந்தையாற் கைவிடப்பட்டுப் பிறரில்லத்தில் வளரும் சிறுவன். மீண்டும் ஒரு குடும்பமாய் வாழ்வது என்றோ என அவன் வினவ, கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் குழு வாகைக்கொடி பெறும் நாளில் என்று தந்தை விடை கூறி அகல்கின்றான். தோல்வியே கண்டுவரும் குழுவாதலின், 'ஒருநாளும் இல்லை' என்பதே அதன் கருத்து. சிறுவனோ அச்சொல்லை மெய்யெனக் கொண்டு, அக்குழு வெல்லுமாறு இரவில் இறைவனை வேண்டுகின்றான். தேவதூதர் ஆடுகளத்தில் இறங்குகின்றனர். அவன் கண்ணுக்கே அவர் புலனாவர். ஓடுவானைத் தூக்கிப் பந்தைப் பற்றச் செய்தும், அடிப்பானுக்குக் கை கொடுத்தும் அவர் துணைபுரியக் குழு வெற்றிமேல் வெற்றி பெறுகின்றது.

இதன்கண் உள்ள குறையை முதற்கண் கூறுவாம். இருதிறத்தார் பொருதும் களத்தில் ஒருதிறத்தார்க்கு மட்டும் வானோர் கைகொடுப்பின், மற்றைத் திறத்தார்க்கு இழைக்கப்படுவது யாது? அவர்தம் வெற்றியை விழைந்து வேண்டும் சிறுவன் ஒருவன் அப்பக்கத்தும் இரானோ? எவ்வுயிர்க்கும் பொதுவாய் நின்று, அவ்வவற்றின் வினைக்கீடாகப் பயனூட்டும் முதல்வனுக்கு இவ்வோரம் பொருந்தாது. நகையாடற்கு எழுந்த படத்தில் இத்துணை நுணுகுதல் வேண்டுமோ எனின், வேண்டும். இளமையிற் பதிந்த கருத்து முதுமையினும் நிற்றலின் என்க.

அற்றேல், திருவிளையாடற் புராணத்து ஆலவாய் அண்ணல் போட்டிகளில் ஒருவர்க்குத் துணைநின்றிலனோ எனின், நின்றான். ஆயின் எதன்பொருட்டு, எவ்வாறு நின்றான் என நோக்குதல் வேண்டும். பாணபத்திரனுக்காக விறகாளாய் வந்து பாடிய பெருமான், ஏமநாதன் கையிலுள்ள யாழைக் கெடுத்தானல்லன். தன் பாட்டினால் அவன் செருக்கைக் கெடுத்தான். பாணபத்திரன் மனைவியார்க்குத் துணைநின்ற இசைவாதில், வேந்தன் நடுவு நிலைமை பிறழ்ந்து ஈழத்துப் பாடினியைச் சார்ந்தமையின், அக்கோணலையே நேராக்கினான். வாளாசிரியன் வடிவுகொண்டு பொருததும் ஆசிரியன் மனைவிக்குத் தீங்கெண்ணிய மாணாக்கனை ஒறுத்தற்கே. ஆகவே, அறம் சாய்ந்தவிடத்து அதனை நிமிர்த்தியதே அவ்வருட்செயலன்றி, ஒருவர் கணக்கில் வெற்றியைக் கூட்டி எழுதியதன்று. படத்தின் முற்பகுதி இவ்வேறுபாட்டை அறியாது.

இனி அதன் நலம். முடிவான ஆட்டத்தில் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் என்னும் குழுவை எதிர்க்கும் நாளில், தேவதூதர் ஒருவரும் வாரார். அவர்தம் தலைவனாகிய ஆல் என்பான் சிறுவன்முன் மட்டும் தோன்றி, வாகைக்குரிய ஆட்டத்தை ஆடவர் தாமே வெல்லுதல் வேண்டுமென்பது தங்கள் நியதி எனத் தெரிவிக்கின்றான். இதுகாறும் கண்ட துணை கண்ணுக்கு மறைகின்றது. இவ்விடத்தைக் காணும் சைவ நன்மக்கட்கு ஐந்தொழிலுள் மறைத்தல் நினைவுக்கு வாராதொழியாது. மறைத்தலும் அருளே என்பது நம் சித்தாந்தத் துணிபு. உயிரைத் தன் அறிவிச்சை செயல்களால் உழலவிட்டுப் பக்குவப்படுத்துதற்பொருட்டு நிற்கும் திரோதான சத்தி, துணை செய்யாததுபோலத் தோன்றித் துணைசெய்வது. நடைபயிலும் குழவியின் கையைத் தாய் விடுவது வெறுப்பினால் அன்றே.

அன்று பந்தெறியும் மெல் கிளார்க் என்பான், நெடுநாட் புகைபிடித்த பழக்கத்தால் இன்னும் ஆறு திங்களே உயிர்வாழ்வான் எனவும் ஆல் உரைக்கின்றான். அவ்வினைப்பயனை வானோரும் நீக்கினாரல்லர். உடலூழாய் வந்தது நுகர்ந்தே கழிதற்பாலது. அத்தகையோன் தளர்ந்து நிற்குங்கால், சிறுவனும் அரங்கிலுள்ளார் அனைவரும் கைகளைச் சிறகென அசைத்து ஊக்க, அவன் தன் கைத்திறத்தாலேயே எறிந்து முடிக்கின்றான். படத்துள் மனம் கசியுமிடம் இதுவே; வானோர் தூக்கிப் பற்றுவித்த பந்துகளில் ஒன்றும் இதற்கு ஈடாகாது.

இதனினும் ஆழ்ந்தது சிறுவனது வேண்டுகோள் எய்திய முடிவு. அவன் கேட்டது கொடியன்று, தந்தையையே. கொடி கிட்டுமுன்னரே அத்தந்தை நீதிமன்றத்தில் தன் உரிமையைத் துறந்து நீங்குகின்றான். கேட்ட பொருள் கண்முன்னே பறிக்கப்பட்டது. பின்னர், வெகுளியே இயல்பாயிருந்து இச்சிறுவனோடு பழகி அன்பு முதிர்ந்த குழுத்தலைவன் ஜார்ஜ் நாக்ஸ், அவனையும் அவன் தோழனாகிய ஜே.பி.யையும் மக்களாக ஏற்கின்றான். கேட்டது வாராமையே கேளாததொன்று வருதற்கு வாயிலாயிற்று. அறக்கருணை, மறக்கருணை என நம்மவர் பகுத்துரைத்தது இத்தகைய நிகழ்ச்சியை நோக்கியன்றோ? இவ்வாறு தன் கதையே காட்டிய உண்மையைப் படம் நின்று உணர்த்தாது, நம்பினால் எதுவும் கைகூடும் என்னும் எளிய மொழியில் அடக்கிவிடுதல் வருந்தத்தக்கது. யாரை நம்புவது, எதற்கு நம்புவது என்பதன்றோ வினா?

உலகியலும் ஒன்று உணர்த்துகின்றது. படம் வெளிவந்த அவ்வாண்டு ஆகஸ்டு 12-இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் தொடங்க, உண்மை ஆட்டங்கள் நின்றன. வாகைக்கொடி எவர்க்கும் இல்லையாயிற்று. 1961 முதல் ஆடிவந்த ஏஞ்சல்ஸ் குழு முதற்கொடி பெற்றது 2002-ஆம் ஆண்டிலேயாம். கொடியே அருளுக்கு அளவுகோலாயின், 1994-இல் அந்நாட்டில் வழிபட்டார் அனைவரையும் இறைவன் கைவிட்டான் என்றன்றோ முடிக்க நேரும்?

நம் கோயில்களிலும் தேர்வுக்கும் ஆட்டத்துக்கும் அருச்சனை செய்வார் பலர். வேண்டுதல் பிழையன்று, சேய் தாயிடமன்றி வேறெவரிடம் கேட்கும்? மதிப்பெண் குறைந்த அன்றே திருநீற்றை அழிக்கும் மனமே பிழை. பிள்ளைகளோடு இப்படத்தைக் காணும் பெற்றோர், வானோர் இறங்கிய நாளை அவர் சிரித்து மகிழ விட்டு, வாராத நாளைச் சுட்டி, அன்றும் அருள் அவரை நீங்கியதில்லை என எடுத்துரைப்பாராயின், அதுவே இதனாற் பெறும் பயனாம்.

திருச்சிற்றம்பலம்.