பாதி குவார்ட்டரும் முழு நட்பும்

கல்லூரி மாணவர்களின் குடியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் 'கூடாநட்பு' என்று முடித்துவிடுகிறார்கள். பெற்றோர், கல்லூரி நிர்வாகம், போலீஸ், மதுவிலக்கு மேடை ஆகிய அனைவரிடமும் இதில் அபூர்வமான கருத்தொற்றுமை. 'என் பையன் நல்லவன்தான், சேர்க்கை சரியில்ல.' எல்லாப் பெற்றோரும் இதையே சொல்கிறபோது, அந்தச் 'சேர்க்கை' யார் பெற்ற பிள்ளை என்கிற கேள்வி எழுவதே இல்லை. மறுபுறம் தமிழ் சினிமா. காதலில் தோற்றவனைத் தோளில் கைபோட்டு ஒயின்ஷாப்புக்கு அழைத்துப்போகிறவன்தான் அங்கே உயிர் நண்பன். ஒன்று நட்பைக் குற்றவாளியாக்குகிறது, மற்றது புனிதமாக்குகிறது. இந்த நட்பை இப்படி வார்த்தெடுக்கிற நிறுவனங்களை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

கே.கே. நகரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி. 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974ல் மீண்டும் கொண்டுவந்த முதல்வரின் பெயரைத் தாங்கியிருப்பது. இங்குள்ள மாடி போர்ஷன்களில் வெளியூர் மாணவர்களும் சினிமா வாய்ப்புத் தேடி வந்தவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தருபவன், செமஸ்டர் ஃபீஸுக்குக் கைமாற்று புரட்டுபவன், அப்பா இறந்த சேதி வந்த ராத்திரியில் பஸ் ஏத்திவிடுபவன், எல்லாமே ரூம்மேட்தான். குடும்பமும் கல்லூரியும் கைகழுவிய வேலையை அவன் சம்பளமில்லாமல் செய்கிறான்.

இந்த ஆதரவுக்குள் பாட்டில் எப்படி வந்தது? 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் ஏகபோகம். 21 வயது ஆகாதவனுக்கு விற்கக்கூடாது என்பது சட்டம். இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைத் தொடாதவர்கள். ஆகவே வாங்கித்தர ஒரு சீனியர் வேண்டும். பாட்டிலோ 180 மி.லி. கையில் பாதிப் பணம்தான் இருக்கிறதென்றால் 'கட்டிங்' போட இன்னொருவன் வேண்டும். வீட்டு வசதியையும் மதுவிலக்கையும் சேர்த்துக் கவனித்த அமைச்சர் சு. முத்துசாமி 2023ல் பேசியதை நினைவுகூரலாம். குவார்ட்டர் வாங்க வருபவர்கள் பங்குக்கு ஆள் தேடிக் காத்து நிற்கிறார்கள், எனவே 90 மி.லி. பாக்கெட் பற்றி யோசிக்கிறோம் என்ற பொருளில் அவர் சொன்னார். துணை தேடி நிற்பது அரசுக்கு ஒரு பாக்கெட் அளவுப் பிரச்சினை!

ஆனால் காசுக் கணக்கு மட்டும் இதை விளக்கிவிடாது. 'ரெண்டு ரவுண்டு போனாத்தான் மனசு விட்டுப் பேச முடியுது' என்கிறார்களே, அதை உளறல் என்று தள்ள முடியாது. ஆண் அழக்கூடாது என்கிற கற்பிதம் அவன் வாயை அடைத்திருக்கிறது. குடி அதற்கு ஒரு ராத்திரி லைசென்ஸ். அரியர், வீட்டுக் கடன், வகுப்பில் சாதியைச் சுட்டி விழுந்த ஒரு சொல், எல்லாம் அப்போதுதான் வெளியே வருகின்றன. நண்பன் கேட்கிறான், தாங்கிப் பிடிக்கிறான், வாந்தியைத் துடைக்கிறான். விடிந்ததும்? 'போதைல ஏதோ சொன்னான், விடு.' சொன்னவனும் சிரித்து மழுப்புகிறான். இரவில் கிடைத்த ஆதரவு காலையில் செல்லாததாகிறது. ஆகவே கேட்கப்படுவதற்காக அவன் மறுபடி குடித்தாக வேண்டும், கொஞ்சம் கூடுதலாக. மிகுகுடியும் நட்பும் பின்னிக்கொள்ளும் கண்ணி இதுதான்.

'எல்லாரும்தான் குடிக்கறாங்க' என்பதும் ஒரு கட்டமைப்பே. சக மாணவர்கள் குடிக்கும் அளவை மாணவர்கள் மிகைப்படுத்தியே கற்பனை செய்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986லேயே காட்டினார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். ஆனால் ரூமில் குடிக்காதவனே விநோதப் பிராணி. சைடு டிஷ் வாங்கிவர, பைக் ஓட்ட, கடைசியில் எல்லோரையும் படுக்கவைக்க அவன் வேண்டும். பேச்சில் அவனுக்குப் பங்கில்லை. பெண்ணுக்கோ அந்த அறையில் பேசுபொருளாக மட்டுமே இடம்.

இனி தண்டனை. மட்டையானவனை 'தூங்கட்டும் விடு' என்று மல்லாக்கப் போட்டுவிடுவதில் உயிரே போகலாம். வாந்தி மூச்சுக்குழலை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே இருக்கவேண்டும். எழுப்பியும் எழாவிட்டால் 108ஐக் கூப்பிட வேண்டும். ஏன் கூப்பிடுவதில்லை? விஷயம் வெளியே தெரிந்தால் சஸ்பென்ஷன், டி.சி., ஊரிலிருந்து அப்பா. ஒழுக்கத்தைக் காக்கும் விதி நண்பனின் கையைக் கட்டிப்போடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002ல், உதவி கேட்டு அழைப்பவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தண்டனை இல்லை என்று அறிவித்தது. அதன்பின் அழைப்புகள் கூடின. நம் கல்லூரிகளிடம் இதைக் கோருவதற்கு என்ன தடை?

நட்பு இயல்பிலேயே குடிக்கு அடிமைப்பட்டதல்ல. 2015ல், மதுவிலக்குக் கோரிப் போராடிய சசிபெருமாள் இறந்தபின், பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் சேத்துப்பட்டு டாஸ்மாக் கடையைத் தாக்கிச் சிறை சென்றார்கள். அந்த வழிமுறையோடு ஒருவர் உடன்படாமலிருக்கலாம். கூட்டாளிகளாக அவர்களைத் திரட்டியது பாட்டில் அல்ல என்பதை மறுக்க முடியாது.

மாணவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் தோழர்கள் யோசிக்க வேண்டும். இலக்கியக் கூட்டம் முடிந்தபின் நடக்கிறதே இன்னொரு கூட்டம், அங்கேதானே நமது நெருக்கங்களும் பகைகளும் தீர்மானமாகின்றன? குடிக்காதவர்களும் பெண்களும் வீட்டுக்குப் போனபின் நாம் பேசும் உண்மைகளை ஏன் மேடையில் பேச முடிவதில்லை? மதுவிலக்கா இல்லையா என்கிற விவாதம் நடக்கட்டும். ராத்திரி ஒருவன் அழுதுகொண்டே சொன்னதை மறுநாள் டீக்கடையில், தெளிந்த நிலையில், 'நேத்து சொன்னியே, அது என்னடா ஆச்சு?' என்று கேட்கிற நட்பு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.