பந்து போகும் பக்கமே கேமராவும்

2023 ஜனவரி 15. மினியாபொலிஸ் மைதானத்தில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு அந்த வருடத்தின் கடைசி வாய்ப்பு. நியூயார்க் ஜயன்ட்ஸ் ஏழு புள்ளிகள் முன்னால் இருக்கிறது. நான்காவது முயற்சி. இன்னும் எட்டு யார்டு போனால்தான் பந்து இவர்களிடம் தங்கும், இல்லையென்றால் எதிரணிக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் பந்தை வாங்குகிறார், பின்னால் நகர்கிறார், எறிகிறார். பந்து போய்ச் சேர்ந்த ஆள் நிற்பது மூன்று யார்டு தொலைவில். அவரை அங்கேயே பிடித்துச் சாய்த்துவிடுகிறார்கள். கதை முடிந்தது. 24க்கு 31.

எட்டு வேண்டிய இடத்தில் மூன்று. என் அண்ணன், பெரியப்பா மகன், பல வருடமாக மினியாபொலிஸில் வேலை பார்க்கிறான். எட்டாம் நம்பர் போட்ட கசின்ஸ் ஜெர்சிகூட வைத்திருந்தான். அன்று ராத்திரி எனக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் திட்டித் தீர்த்தான். "டேய், எண்ணத் தெரியாதாடா அவனுக்கு? எட்டுக்கு மூணு எறியிறான்!" எனக்கு அப்போது அமெரிக்கன் ஃபுட்பாலில் பாதிக்கு மேல் புரியாது. இருந்தாலும் ஆமாண்ணே ஆமாண்ணே என்று சேர்ந்து திட்டினேன். யாரைத் திட்ட வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்த வருடம் ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் 'குவார்ட்டர்பேக்' தொடர் வந்தது. எட்டு பகுதிகள். 2022 சீசன் முழுக்க மூன்று பேருக்கு மைக் மாட்டிவிட்டுப் பின்னாலேயே போயிருக்கிறார்கள்: கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ், நம்ம கசின்ஸ், அட்லாண்டா ஃபால்கன்ஸின் மார்கஸ் மரியோட்டா. இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையில்லை. கோச்சின் குரல் ஹெல்மெட்டுக்குள் கேட்கிறது, கடிகாரத்தில் பதினைந்து வினாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படுகிறது, அதன் பிறகு அந்த ஆள் தனி. மந்திரம் மாதிரி நீளும் ஆட்டத்தின் பெயரைப் பத்துப் பேருக்கு ஒப்பிக்க வேண்டும். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து அந்த நொடியில் மாற்ற வேண்டும். அதற்குள் நூற்று முப்பது கிலோ ஆள் ஒருவன் மேலே வந்து விழுவான். இவ்வளவையும் ஒரு மனுஷன் செய்கிறான் என்பதைத் தொடர் அருமையாகக் காட்டுகிறது.

இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் உறுத்தியது. நான் ஒரு டிவி ரியாலிட்டி ஷோவில் மூன்று வருடம் உதவி எடிட்டராக இருந்தவன். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் என்ன நடந்தாலும் சரி, உடனே ஒரு முகத்தின் ரியாக்‌ஷனுக்குக் கட் பண்ண வேண்டும். ஒரே முகத்தை நாலு தடவை காட்டினால் நடந்ததெல்லாம் அந்த முகத்துக்காக நடந்ததாக ஆகிவிடும். பின்னால் நின்று ஆடிய பத்துப் பேர் அப்படித்தான் காணாமல் போவார்கள். அவர்களில் ஒரு பையன் ஒருநாள் எடிட் ரூமுக்கு வந்து, "ஊர்ல அம்மா கேக்குறாங்கண்ணே, நான் எங்க வர்றேன்?" என்றான். ஃபுட்டேஜை ஓட்டிக் காட்டினேன். எபிசோடில் அவன் இல்லை. வெட்டியது நான்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் 'குவார்ட்டர்பேக்' செய்வதும் அதே வேலை. வைக்கிங்ஸின் 2022 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 17 அன்று இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக இடைவேளையில் 0-33. அதிலிருந்து 39-36 என்று ஜெயித்தார்கள். லீக் வரலாற்றில் இதைவிடப் பெரிய மீட்சி கிடையாது. தொடரில் இது கசின்ஸின் மறுபிறப்பு மாதிரி வருகிறது. 460 யார்டு எறிந்தார், உண்மைதான். அந்த 33இல் ஒரு டச் டவுன் அவர் எதிராளி கையில் கொடுத்த பந்தில் வந்தது, அதுவும் உண்மைதான். இரண்டாம் பாதியில் கோல்ட்ஸை மூன்றே மூன்று புள்ளிகளில் நிறுத்தியது யார்? தடுப்பு அணி. கூடுதல் நேரத்தில் நாற்பது யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைத்து முடித்து வைத்தது யார்? கிரெக் ஜோசப் என்ற கிக்கர். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 24 அன்று, இதே ஜயன்ட்ஸுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி உதையில் 61 யார்டு அடித்து 27-24 என்று ஜெயிக்க வைத்தவரும் அவரே. ஆனால் இரண்டு வெற்றியும் பதிவேட்டில் ஏறியது கசின்ஸ் பெயரில். இந்த விளையாட்டில் குவார்ட்டர்பேக் பெயருக்கு எதிரில் மட்டும்தான் இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று கணக்கு எழுதுகிறார்கள். கிக்கருக்கு அப்படி ஒரு பத்தி கிடையாது.

அந்த சீசனில் வைக்கிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. கேட்க பிரமாதம். ஆனால் சீசன் முழுக்க அவர்கள் எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் கூட்டிக் கழித்தால் மூன்று புள்ளி நஷ்டம். எட்டு புள்ளிக்குள் முடிந்த பதினோரு ஆட்டங்களில் பதினொன்றையும் ஜெயித்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'க்ளட்ச்', நெருக்கடியில் நிற்கும் மனத்திடம் என்றார்கள். ஜனவரியில் அந்தத் திடம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கசின்ஸ் அன்று 39 பந்து எறிந்து 31ஐச் சேர்த்தார், 273 யார்டு, இரண்டு டச் டவுன். ஒரு பந்தையும் எதிரணி பறிக்கவில்லை. மறுபக்கம் ஜயன்ட்ஸின் டேனியல் ஜோன்ஸ் 301 யார்டு எறிந்து, காலால் வேறு 78 யார்டு ஓடியிருக்கிறார். ஆக அன்று வைக்கிங்ஸின் தடுப்பு அணி ஓட்டை. நிர்வாகம் சில நாளில் தடுப்புக்குப் பொறுப்பான கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியவில்லை. எங்களுக்கு அந்த மூன்று யார்டு பந்து மட்டும்தான் தெரிந்தது, கேமரா அங்கே இருந்ததால்.

இதில் இன்னொரு விஷயம். தொடரைத் தயாரித்தவர்களில் பேய்டன் மேனிங்கின் ஒமாஹா புரொடக்‌ஷன்ஸும், மஹோம்ஸின் சொந்த நிறுவனமும் உண்டு. குவார்ட்டர்பேக் பற்றிய படத்தைக் குவார்ட்டர்பேக்குகளே எடுக்கிறார்கள். குற்றமில்லை, ஆனால் தெரிந்து பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த விவாதத்தின் இரண்டு பக்கத்துக்கும் மேனிங்கின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சி கிடையாது. 2010இல் அவர் ஆடிய கோல்ட்ஸ் 10-6. 2011இல் கழுத்து அறுவை சிகிச்சையால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அணி 2-14. ஒரு ஆள் போனால் எட்டு வெற்றி போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சரி, அடுத்ததைப் பாருங்கள். டென்வருக்குப் போய் 2013இல் 55 டச் டவுன் எறிந்து சாதனை படைத்தார். அந்த சூப்பர் பௌலில் சியாட்டலிடம் 8-43 என்று அடி. 2015இல் உடம்பு ஒத்துழைக்கவில்லை, 9 டச் டவுன், எதிரணிக்குக் கொடுத்தது 17, நடுவில் பெஞ்சில் வேறு உட்கார்ந்தார். அந்த வருடம் சூப்பர் பௌல் ஜெயித்தார். ஜெயிக்க வைத்தது வான் மில்லரும் அந்தத் தடுப்பு அணியும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து மேனிங் ஒரு தொடர் எடுத்திருந்தால் நான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

மஹோம்ஸுக்கு வருவோம். முதல் சீசனின் நாயகன் அவர்தான், வேறு வழியில்லை. ஜாக்சன்வில்லுக்கு எதிரான பிளே-ஆஃபில் கணுக்கால் திருகிக்கொள்கிறது, உள்ளே அனுப்புகிறார்கள், கோபத்தில் கொதிக்கிறார். தொடர் அந்தக் கோபத்தில்தான் நிற்கிறது. அந்த நேரம் மைதானத்தில் நடந்தது என்ன தெரியுமா? சாட் ஹென்னி என்ற முப்பத்தேழு வயது மாற்று ஆட்டக்காரர் உள்ளே வந்து தன் அணியை 98 யார்டு நகர்த்தி டச் டவுன் போட வைத்தார். ஆட்டம் முடிந்தது ஏழே புள்ளி வித்தியாசத்தில். என்னைக் கேட்டால் அந்த 98 யார்டுதான் தொடரிலேயே மிக முக்கியமான நிமிடங்கள். அங்கே நின்று, யாருமே எதிர்பார்க்காத இந்த ஆளால் இது எப்படி முடிந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு பிப்ரவரி 12, சூப்பர் பௌல். எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்ப்பதற்கு சாக் என்று பெயர். ஈகிள்ஸ் அந்த சீசனில் எழுபது சாக் எடுத்த அணி. அன்று எத்தனை? பூஜ்யம். ஆர்லாண்டோ பிரவுன், ஜோ தூனி, க்ரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித், ஆண்ட்ரூ வைலி. இந்த ஐந்து பெயரை எழுதிவிட்டேன், மனசு ஆறியது. கடைசிக் கால் பகுதியில் வந்த இரண்டு டச் டவுன்களில் பந்தைப் பிடித்தவர்களுக்குப் பக்கத்தில் எதிராளி ஒருவன்கூட இல்லை. ஓடுகிற மாதிரி ஓடி நின்று திரும்புகிற ஒரே தந்திரத்தை இரண்டு பக்கமும் வைத்தது கோச் ஆண்டி ரீட். அந்தப் பந்தை நல்ல கல்லூரிப் பையன் எறிந்திருப்பான். தோற்ற பக்கத்தின் ஜேலன் ஹர்ட்ஸ் 304 யார்டு எறிந்து மூன்று தடவை தானே ஓடி டச் டவுன் போட்டார். ஒரு தடவை பந்தை நழுவவிட்டார், அதை எதிரணி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டது. 38-35. சிறந்த ஆட்டக்காரர் விருது மஹோம்ஸுக்கு.

இதே மஹோம்ஸின் இன்னும் இரண்டு சூப்பர் பௌல்களை இதற்கு இருபக்கமும் வைத்துப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் விளிம்பில் காக்கும் இரண்டு பேரும் காயம். அன்று முழுக்க அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார், அணியால் ஒரு டச் டவுன்கூடப் போட முடியவில்லை, டாம் பிரேடியின் டாம்பாவிடம் 9-31. அதன் பிறகு சீஃப்ஸ் அந்த ஐந்து இடத்துக்கும் புது ஆள் பிடித்தது. 2025 பிப்ரவரியில் மறுபடி ஈகிள்ஸ், இந்தத் தடவை ஆறு சாக், 22-40. ஒரே ஆள், ஒரே கை, ஒரே மூளை, ஒரே கோச். ஐந்து பேர் நின்றால் மேதை, நிற்காவிட்டால் ஓடுகிற மனிதர்.

இதைப் படித்துவிட்டு, குவார்ட்டர்பேக் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்கிற ஆட்களும் உண்டு. 2000 சீசனின் பால்டிமோர் ரேவன்ஸைக் காட்டுவார்கள். ட்ரெண்ட் டில்ஃபர் என்ற சாதாரண குவார்ட்டர்பேக்கோடு ஜெயித்த அணி, பதினாறு ஆட்டத்தில் 165 புள்ளி மட்டுமே கொடுத்த தடுப்பு. ஜெயித்த கையோடு டில்ஃபரை அனுப்பியும் விட்டார்கள். நல்ல கதை. ஆனால் அந்த மாதிரி ஒரு தடுப்பு அணி தலைமுறைக்கு ஒன்று வரும், அதை நம்பி வாதம் கட்ட முடியாது. எதிர் உதாரணம் சீஃப்ஸே. 2013 முதல் 2017 வரை அதே ரீட், அலெக்ஸ் ஸ்மித் என்ற திறமையான குவார்ட்டர்பேக்கோடு எல்லா வருடமும் பாதிக்கு மேல் ஜெயித்தார். பிளே-ஆஃபில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. 2018இல் மஹோம்ஸ் வந்தார். 2024 வரை ஏழு சீசனிலும் அரையிறுதி, அதில் ஐந்து தடவை சூப்பர் பௌல். இதை கோச்சை வைத்து விளக்க முடியாது. அந்த 2023 இறுதியிலேயே, திருகின கணுக்காலோடு கடைசிக் கட்டத்தில் 26 யார்டு ஓடினாரே, அது எந்தத் தந்திரப் புத்தகத்திலும் இல்லை. நல்ல அணியை மிக நல்ல அணியாக்க ஒரு ஆளால் முடியும். ஓட்டை அணியை அடைக்க முடியாது. என் முடிவு இவ்வளவுதான், தொடரின் முடிவு இதைவிடப் பெரியது.

மரியோட்டா பகுதிகள்தான் எனக்கு மிச்சம் நின்றவை. டிசம்பரில் அவரை உட்கார வைத்துவிட்டுப் புதுப் பையனை இறக்குகிறார்கள். மகள் பிறக்கிறாள். கேமராவுக்குக் கொண்டாட ஒன்றுமில்லாததால் அங்கே மட்டும் அது சும்மா பார்க்கிறது.

2025இல் வந்த இரண்டாவது சீசன் தன்னையறியாமல் தன் வாதத்தையே உடைக்கிறது. சின்சினாட்டியின் ஜோ பர்ரோ 2024இல் 4,918 யார்டு, 43 டச் டவுன். இரண்டிலும் லீக்கில் முதலிடம். அணி 9-8, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. 38 புள்ளி எடுத்து இரண்டு தடவை தோற்றார்கள், 34 எடுத்து ஒரு தடவை, 33 எடுத்து ஒரு தடவை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பர்ரோவின் முகம் குளோசப்பில். நல்ல முகம், அழகான சோகம். தடுப்பு அணியில் ஒருவர் பெயராவது நினைவிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

கசின்ஸ் மறுபடி வருகிறார், இப்போது அட்லாண்டாவில். நான்கு வருடத்துக்கு 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம், கையெழுத்திட்ட அடுத்த மாதமே அணி இன்னொரு குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்கிறது, டிசம்பரில் பெஞ்ச். முன்பு மரியோட்டா உட்கார்ந்த அதே ஊரில். இதற்கிடையில் மினசோட்டா, வேறு அணிகள் கைவிட்ட சாம் டார்னல்டை வைத்து 14-3. கசின்ஸ் காலத்தைவிட ஒரு வெற்றி கூடுதல். அண்ணன் ஆகாயத்தில் மிதந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல, ஆளை மாத்தினா போதும்னு!" பிளே-ஆஃபில் ராம்ஸ் அணி டார்னல்டை ஒன்பது தடவை கீழே சாய்த்தது. 9-27.

அன்று ராத்திரி அவன் ஃபோன் பண்ணவில்லை. நானே பண்ணினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "டேய், அந்த லைன்ல நிக்கிற அஞ்சு பேர் பேர் என்னடா?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஃபோனை வைக்காமலே தேட ஆரம்பித்தோம்.