யாரும் தப்பா எழுத முடியாத கேள்வி

எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் கையில் சுற்றும் கேள்வித் தொகுப்பில் ஒரு கேள்வி பல வருடமாக இருக்கிறது. மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுவது பற்றியது. கொடுத்திருக்கும் விடைகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: சொந்த வண்டியில் ஓட்டலாம், ராத்திரியில் ஓட்டலாம், எல்லா வண்டிக்கும் தடை. இதைத் தப்பாக எழுத யாராலும் முடியாது. அப்படிப்பட்ட கேள்வி எதையும் சோதிப்பதும் இல்லை, எதையும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ‘எல்லா வண்டிக்கும் தடை’ என்ற அந்த விடை நல்ல புத்திமதி, ஆனால் சட்டம் சொல்வது அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185இன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். இந்த 30 என்ற அளவு 1994ஆம் வருடத் திருத்தத்தில் வந்தது. இருபது வருடம் லாரி ஓட்டினவருக்கும் அதே 30, நேற்று எல்.எல்.ஆர். எடுத்த பதினெட்டு வயசுக்காரனுக்கும் அதே 30. இதே தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆக, பதினெட்டு வயசுப் பையனுக்கு ஒரு பாட்டில் பீர் விற்றால் விற்றவர் மேல் தப்பு. அதில் கொஞ்சம் குடித்துவிட்டு 25 மில்லிகிராமோடு வண்டி ஓட்டினால் பிரிவு 185 அவனைத் தொடாது. ரெண்டு மாட்யூலை ரெண்டு டீம் எழுதி, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திறந்தே பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டி பழகுற வயசில் குடியும் கஞ்சாவும் குறுக்கே வராமல் தடுக்க நம்மிடம் தண்டனைகள் இருக்கின்றன. அவன் பழகுகிற அந்த நாட்களில் அவனை எட்டுகிற ஏற்பாடு எதுவும் இல்லை.

பழகுகிறவன் யார்?

சட்டத்தைப் பொறுத்தவரை, எல்.எல்.ஆர். வாங்கினவன் பழகுநர். எங்க பக்கம் அது உண்மை இல்லை. போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் ராசிங்காபுரம், சிலமலை என்று எந்த ஊரில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே பையன்கள் அப்பாவின் எக்ஸ்.எல்.லில் பழகிவிடுகிறார்கள். புல்லுக்கட்டு ஏற்றிவர, தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வீட்டிலேயே அனுப்புகிறார்கள். 18 முடிந்து எல்.எல்.ஆர். எடுக்கப் போகும்போது அவனுக்கு நாலு வருட அனுபவம் இருக்கும். அதாவது, அரசாங்கம் அவனை முதன்முதலில் பார்க்கும்போது அவன் பழகி முடித்துவிட்டான். எப்படி ஓட்டணும் என்பதோடு, எந்த நிலையில் ஓட்டலாம் என்பதையும் கூட்டாளிகளிடம் கற்றுக்கொண்டுவிட்டான்.

சட்டத்தில் 16 வயதுக்கு ஒரு வாசல் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. பிரிவு 4இன்படி 16 முடிந்தவர், 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டி ஓட்டலாம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். 1980இல் டிவிஎஸ் 50 வந்தபோது அந்த விதிக்குப் பொருத்தமான வண்டி இருந்தது. இன்று அதே வம்சத்தில் வருகிற எக்ஸ்.எல். 100 வண்டி 99.7 சிசி. கடைக்குப் போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டால் சிரிப்பார்கள். வாசல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள் நுழைய வண்டிதான் இல்லை. அதனால் 16, 17 வயசுப் பையன் பழகுவது முழுக்கச் சட்டத்துக்கு வெளியே நடக்கிறது.

சரி, 18இல் வருகிறவனிடமாவது என்ன கேட்கிறோம்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 11 எல்.எல்.ஆர். தேர்வுக்கு நான்கு பாடங்களை வகுத்தது: சாலைக் குறியீடுகளும் விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும்போது கவனம், வண்டியில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள். ஆளில்லாத ரயில்வே கேட்டுக்குத் தனியாக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. குடிக்கும் போதைக்கும் தனி இடம் இல்லை, சாலை விதிகளுக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. போடிக்கு அகலப்பாதையில் ரயில் வந்ததே 2023 ஜூனில்தான். எங்க ஊர்ப் பையனுக்கு அந்தப் பாடம் இனி தேவைப்படாது. இன்னொன்று தேவைப்படும்.

30 என்பது ஏற்கெனவே குறைவுதானே?

இங்கிலாந்தில் 80, நம்மூரில் 30, இதற்கு மேல் என்ன குறைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நியூசிலாந்தில் இருக்கிறது. 1987இல் படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்த நாடு அது. புதிதாக ஓட்டுகிறவர் முதலில் கூட ஆள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அடுத்த கட்டத்தில் ராத்திரியில் தனியாக ஓட்டவோ நண்பர்களை ஏற்றவோ கூடாது, அதன்பிறகுதான் முழு லைசென்ஸ். அங்கே 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது அளவு தனி. அந்தத் தனி அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராமாக இருந்தது. நாம் எல்லோருக்கும் வைத்திருக்கும் அதே எண். அதுவும் போதாது என்று 2011 ஆகஸ்டில் அதைப் பூஜ்யமாக்கினார்கள். அமெரிக்காவிலும் 21 வயதுக்குக் கீழே கிட்டத்தட்டப் பூஜ்யம் என்ற விதியை 1998க்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன.

ஏன் பூஜ்யம்? பழகினவருக்குக் கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் கைப்பழக்கம். மனசு ரோட்டைப் பார்க்கும், கை தன்பாட்டில் வேலை செய்யும். புதியவனுக்கு ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டும். ஆல்கஹால் முதலில் கைவைப்பது ஒரே நேரத்தில் ரெண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் திறனில்தான். பழகினவரிடம் மிச்சமிருக்கும் கவனம் புதியவனிடம் இல்லை, ஆகவே கொஞ்சம் போனாலே மொத்தமும் போகும். போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் ரெண்டாவது கியரில் இறக்க வேண்டும் என்பது முதிர்ந்த ஜீப் டிரைவருக்கு யோசனையே இல்லாமல் வரும். பதினெட்டு வயசுக்காரனுக்கு அது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்க வேண்டிய மூளைதான் மந்தமாகியிருக்கிறது.

கஞ்சா: அளக்க முடியாத வாக்கியம்

பிரிவு 185இன் இரண்டாவது பகுதி போதைப்பொருளுக்கானது. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தால் குற்றம். எண் எதுவும் இல்லை. போலீஸ் ஊதச் சொல்கிற மிஷின் கஞ்சாவைக் காட்டாது. நெடி இல்லை, தள்ளாட்டம் இல்லை என்றால் பையன் அப்படியே போய்விடலாம் என்பது அவனுக்கும் தெரியும். ‘சரக்கு அடிச்சாத்தான் மாட்டுவோம், இதுல மாட்ட மாட்டோம்’ என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது.

எண் வைப்பதும் அவ்வளவு சுலபம் இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்கஹால் ரத்தத்தில் எவ்வளவோ, தடுமாற்றமும் ஏறத்தாழ அவ்வளவு. கஞ்சாவின் டி.எச்.சி. அப்படி இல்லை. புகைத்த சிறிது நேரத்திலேயே ரத்தத்தில் வேகமாக இறங்கிவிடும், தடுமாற்றமோ சில மணி நேரம் நீடிக்கும். சிறுநீரில் அதன் எச்சம் பல நாள், தினமும் புகைப்பவரிடம் வாரக்கணக்கில்கூடத் தெரியும். ஆக, சிறுநீர் சோதனையை வைத்துத் தண்டித்தால் போன வாரம் புகைத்தவன் மாட்டுவான். அது ஓட்டுவதற்கான தண்டனையே இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 முதல் சாலையோரத்தில் உமிழ்நீர் சோதனை செய்கிறது. அது அண்மையில் உபயோகித்ததைக் காட்டும். கருவி இல்லாத இடத்தில்கூட நேர்க்கோட்டில் நடக்கவைப்பது, ஒற்றைக் காலில் நிற்கவைப்பது போன்ற வரையறுத்த சோதனைகளைச் செய்து எழுதிவைக்கலாம். நம்மிடம் ரெண்டும் வழக்கத்தில் இல்லை. இருப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985. அது வைத்திருப்பவனையும் விற்பவனையும் தேடுகிற சட்டம், ஓட்டுகிறவனை அது பார்ப்பதில்லை.

இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். கஞ்சா மட்டும் புகைத்தவன் தன் நிலை தெரிந்து மெதுவாகப் போவதுண்டு என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மேலே கொஞ்சம் சரக்கும் சேர்ந்தால் அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

தண்டனை எங்கே போய் நிற்கிறது

2019 திருத்தம் பிரிவு 199ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. லைசென்ஸ் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது. பதினேழு வயசுப் பையனை எட்டு வருடம் லைசென்ஸ் எடுக்கவிடாமல் செய்தால் அவன் எட்டு வருடம் நடந்து போவானா? ராத்திரி பஸ் இல்லாத ஊரில் அவன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவான். தேர்வு, பயிற்சி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் வெளியே போய்விடுவான். எவனை உள்ளே இழுத்து வைத்துக் கண்காணிக்க வேண்டுமோ அவனையே வெளியே தள்ளுகிற தண்டனை இது.

வசதி உள்ள வீடு என்றால் வேறு மாதிரி. 2024 மே 19 அதிகாலை புனேயில் பதினேழு வயசுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்தார்கள். இருவரும் என் தொழில்காரர்கள், 24 வயது. சில மணி நேரத்தில் ஜாமீன், நிபந்தனைகளில் ஒன்று 300 வார்த்தையில் ஒரு கட்டுரை. பிறகு ரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். குடும்பத்து டிரைவரைப் பழியேற்கச் சொன்னதாகவும் வழக்கு. தண்டனை பெற்றோர் மேல் எவ்வளவு கனமாக விழுகிறதோ, மறைக்கும் வேகமும் அவ்வளவு கூடும்.

கடையைத் தள்ளிவைத்துப் பார்த்ததும் உண்டு. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நல்ல நோக்கம். 2017இல் கடைகள் ஊருக்குள் நகர்ந்தன, பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். லாரி டிரைவருக்குக் கடை தூரமானது. வீட்டுப் பக்கத்தில் பழகுகிற பையனுக்குக் கிட்டே வந்தது.

என்ன செய்யலாம்

ஒன்று: எல்.எல்.ஆர். காலத்திலும் 21 வயது வரையிலும் அளவு பூஜ்யம். குடிக்கும் வயது 21 என்று மாநிலமே சொல்லும்போது இதை மறுக்கக் காரணம் இல்லை.

இரண்டு: 50 சிசி என்ற செத்துப்போன எண்ணை எடுத்துவிட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்திய நிஜ வண்டியில் 16 வயசுக்காரனுக்கு ஒரு முதல் கட்ட லைசென்ஸ். ராத்திரி கூடாது, பின்னால் ஆள் கூடாது, குடி கூடாது. மீறினால் அடுத்த கட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும். எட்டு வருடத்தைவிட ஆறு மாதம் பையனுக்கு உறைக்கும், ஏனென்றால் அது உண்மையில் நடக்கும்.

மூன்று: அந்தக் கேள்வியை மாற்றுங்கள். இப்படிக் கேட்கலாம்: “தேவாரத்தில் கல்யாண வீடு. ராத்திரி பதினோரு மணி, பஸ் இல்லை. கூட்டிக்கொண்டு வந்த நண்பன் ஒரு கட்டிங் போட்டிருக்கிறான், ‘ஒண்ணும் ஆகாது, ஏறுடா’ என்கிறான். வண்டி அவனுடையது. உனக்கு எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது. என்ன செய்வாய்?” நீயே ஓட்டினால் எல்.எல்.ஆர்.ருக்குப் பின்னால் ஆள் ஏற்றின தப்பு. அவன் ஓட்டினால் உயிருக்கு ஆபத்து. கல்யாண வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வதும், வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் திட்டு வாங்குவதும்தான் சரியான விடைகள். அப்படிப் போன் வந்தால் அப்பா அன்றைக்குத் திட்டாமல் வந்து கூட்டிப்போக வேண்டும் என்பதையும் பெற்றோர் சம்மதக் காகிதத்திலேயே அச்சடித்துவிடலாம்.

30ஐப் பூஜ்யமாக்க நாடாளுமன்றம் கூட வேண்டும். ஒரு கேள்வியை மாற்ற ஓர் உத்தரவு போதும். அதை முதலில் செய்யலாம்.