தடை இருக்கிறது, தண்டம் இல்லை

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், 1984இல் மாநிலச் சட்டத்தால் உருவான அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை விட்டால் அந்த மலையில் பெரும்பாலும் கிடைப்பது லாட்ஜ், ஹோட்டல் சமையலறை, கடை, தோட்டக் கூலி வேலைதான். அங்கே ஒரு திருநங்கையோ திருநம்பியோ வேலை கேட்டுப் போனால், 2019இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? அந்தச் சட்டத்தை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். மாநகரத்துப் பெரிய கம்பெனியை வைத்து அளந்தால் அது நல்ல சட்டமாகவே தெரியும்.

வேலை பற்றிய அதன் வாசகங்களில் பெரிய குறை இல்லை. தனிமனிதரோ நிறுவனமோ யாரும் திருநருக்குப் பாகுபாடு காட்டி வேலையை மறுக்கவோ பறிக்கவோ கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. வேலைக்கு எடுப்பதையும் பதவி உயர்வையும் 9ஆம் பிரிவு சொல்கிறது. தனியாருக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. 15 நாளில் அவர் விசாரிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கெடுவும் வைத்தன.

மீறினால் என்ன? 2019இல் எழுதப்பட்ட 18ஆம் பிரிவு, கட்டாய வேலை வாங்குதல், பொது இடத்தை மறுத்தல், வீட்டைவிட்டு விரட்டுதல், உடலுக்கோ மனதுக்கோ ஊறு செய்தல் ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை என்றது. வேலை மறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. புகார் அலுவலரை நியமிக்காத முதலாளிக்கு அபராதமும் இல்லை.

ஆறு ஆண்டு முன்னரே நாடாளுமன்றத்துக்கு வழி தெரிந்திருந்தது என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகக் குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய்வரை அபராதம் என்றது. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழுவையும் வைத்தது. நான்கைந்து பேர் வேலை செய்யும் லாட்ஜில் புகார் அலுவலர் யார்? முதலாளியின் மைத்துனர்தானே! மலையில் வேலை தருவோர் பலர் இந்த அளவுக்காரர்கள். திருநர் சட்டம் அவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லை.

வேலை மறுக்கப்பட்டவருக்கு வழி தந்தவை நீதிமன்றங்கள்தான், அதுவும் இந்தச் சட்டம் வரும் முன்பே. திருநர் என்ற மருத்துவச் சோதனை முடிவைக் காட்டி வேலைநீக்கம் செய்யப்பட்ட கரூர் பெண் காவலர் ஒருவருக்கு, 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து வேலையைத் திருப்பித் தந்தார். திருநரின் பாலின அடையாளத்தை ஏற்ற நால்சா தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியதும் அதே மாதம்தான். காவல்துறை வேலைக்கான விண்ணப்பத்திலேயே தடுக்கப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு 2015 நவம்பரில் அதே உயர் நீதிமன்றம் வழிவிட்டது. அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றது 2017இல். இவை பெருமைக்குரிய தீர்ப்புகள். ஆனால் வேலை வழக்குகள் இரண்டிலும் எதிர்த்தரப்பு அரசு. ரிட் மனு என்ற ஆயுதம் அரசுக்கு எதிராகத்தான் கூர்மையாகப் பாயும். பல்கலைக்கழகத்தில் வேலை மறுக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம். லாட்ஜில் அறை துப்புரவு வேலை மறுக்கப்பட்டவர் போவாரா?

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஜேன் கௌசிக் வழக்குத் தீர்ப்பு இதை ஓரளவு மாற்றியது. உத்தரப்பிரதேசத்திலும் குஜராத்திலும் தனியார் பள்ளி வேலைகளை இழந்த திருநங்கை ஆசிரியர் அவர். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு வழங்கியதோடு, சட்டத்தைச் செயல்படுத்தாத அரசுகளையும் கண்டித்தது. தனியாரும் பதில் சொல்ல வேண்டும் என்று நிலைநாட்டியது அதன் பெரும்பேறு. ஆனாலும் அந்த நீதி உச்ச நீதிமன்றம்வரை போன ஒருவருக்குக் கிடைத்த நீதி.

கடுமை கூடினால் சிறு முதலாளிகள் பயந்துகொண்டு யாரையும் சேர்க்க மாட்டார்கள் என்ற எதிர்வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சிறைத்தண்டனை கேட்பதும் தவறு என்றே நினைக்கிறேன். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், “ஆள் எடுத்தாச்சு” என்ற ஒரு வார்த்தையில் வழக்கு செத்துவிடும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேறு வழியில் போகிறது: பாகுபாடு நடந்திருக்கலாம் என்று எண்ணத்தக்க உண்மைகளைப் பணியாளர் காட்டிவிட்டால், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு.

ஆகவே என் தீர்ப்பு: தடைச் சட்டமாக இது தேறும், பாதுகாப்புச் சட்டமாகத் தேறாது. நிரூபிக்கும் சுமையை முதலாளி பக்கம் திருப்பும் ஒரு பிரிவும், திண்டுக்கல்லில் புகார் கேட்டு இழப்பீடு விதிக்கும் ஒரு மாவட்டக் குழுவும் வரும்வரை, அட்டுவம்பட்டியில் வேலை மறுக்கப்பட்டவர் கையில் இருப்பது நல்ல வாசகங்கள் மட்டுமே.