இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டின் அமைப்பு

விதி கூறும் நூல் யாதாயினும், அவ்விதி பொருந்துமாற்றைக் கற்பார்க்குத் தெளிவுறுத்துவது எடுத்துக்காட்டே. கருத்து, பதப்பொருள் என்பவற்றோடு ‘காட்டு’ என்பதனையும் காண்டிகையுரைக்கு உறுப்பாக நன்னூலார் வைத்தனர். அவ்வுறுப்பு அச்சில் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இஃது அச்சகத்தார்க்கே உரிய செய்தி என ஒதுக்கத் தக்கதன்று; பொருளுணர்ச்சியோடு தொடர்புடையது.

ஏட்டுச்சுவடியில் நூற்பாவும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். புள்ளியும் பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. ஆகலின், எடுத்துக்காட்டின் எல்லையை உரையாசிரியர்கள் சொல்லாலேயே வரையறுத்தனர். யாப்பருங்கல விருத்தியில் ‘வரலாறு’ என்னும் சொல் அதன் தொடக்கத்தை உணர்த்தும். ‘என வரும்’ என்னும் தொடர் அதன் முடிவை உணர்த்துதல் உரைகளிற் பயின்ற வழக்கு. இக்காலத் தொழில்நுட்பக் கையேடுகளிற் கட்டமும் வேற்றெழுத்தும் செய்யும் பணியை அன்று இச்சொற்களே செய்தன.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1868-இல் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும், 1885-இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும் வெளியிட்டார். இவ்வாறு உரைகள் அச்சேறியபின், எடுத்துக்காட்டைத் தனிவரியில் நிறுத்தும் வாய்ப்பு உண்டாயிற்று. வாய்ப்போடு ஓர் இடர்ப்பாடும் உடன் வந்தது. அகரவீற்றுப் பெயர்முன் வல்லொற்று மிகும் என்னும் தொல்காப்பிய விதியை நோக்குவோம். ‘விளக்குறிது’ என ஒன்றனை முழுதும் காட்டி, எஞ்சியவற்றைச் ‘சிறிது, தீது, பெரிது’ என வருமொழி அளவில் நிறுத்துதல் உரைமரபு. தொடர்ந்து படிப்பார் விளச்சிறிது, விளத்தீது, விளப்பெரிது எனத் தாமே ஒட்டிக்கொள்வர். அவற்றை வரிக்கு ஒன்றாகப் பிரித்து அடுக்கின், ‘சிறிது’ என்பது ஒற்று மிகாத தனிவடிவம்போலத் தோன்றும். காட்டு விதிக்கே மாறாய் முடியும்.

அங்ஙனமாயின் ஏட்டிற் கண்டவாறே தொடர்ந்து அச்சிடுதல் அமையாதோ எனின், அமையாது. மறைந்த நூல்கள் பலவற்றின் செய்யுட்கள் உரை மேற்கோள்களாகவே நமக்கு எஞ்சியுள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலைத் தொகுத்தற்கு இத்தகைய மேற்கோள்கள் பெரிதும் துணைநின்றன. செய்யுள் உரைநடையுட் புதையுமாயின், அதன் முதலும் இறுதியும் ஐயத்திற்கு இடமாகும்.

ஆதலின், செய்யுள் மேற்கோள் தனிவரியிலும், சொல்லளவான காட்டு உரையின் ஓட்டத்திலேயே வேற்றெழுத்திலும் அமைதல் நன்று. சொற்காட்டைப் பிரித்து நிறுத்த விரும்பும் பதிப்பாசிரியர், எஞ்சிய வடிவங்களைப் பகர அடைப்பினுள் நிரப்பித் தருதல் வேண்டும். தனித்து நிற்பது தானே பொருள் தருதல் வேண்டுமன்றோ? எதிர்மறைக் காட்டாயின், அதனை நேர்க்காட்டினின்றும் வேறுபடுத்தும் குறியும் இன்றியமையாதது.

வரி பிரிந்தமையால் ‘என வரும்’ என்பது மிகையென நீக்குதல் பொருந்தாது. அஃது எல்லைக்குறி மட்டுமன்று. காட்டினை விதியோடு பிணிக்கும் சொல்லுமாம். அச்சமைப்பு அப்பிணிப்பை விளக்கலாமேயன்றி, அதற்கு ஈடாகாது.